வீட்டுக் காவலுக்கு ஒரு பழந்துப்பாக்கி

போன மாதம் என் பழைய மாணாக்கன் ஒருவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்று வழக்கத்தை ஒட்டிச் சொல்கிறேனேயன்றி, அதில் காகிதமும் இல்லை. தபால் தலையும் இல்லை. அமெரிக்காவில் இருந்துகொண்டு கணினியில் தட்டினான். இங்கே நான் காலைக் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. அனுப்பிய விதம் இவ்வளவு புதிதாயிருந்தாலும், அதில் அவன் கேட்டிருந்த விஷயம் என்னவோ நூற்றைம்பது வருஷத்துப் பழைய விஷயம்.

பையனுக்கு (எனக்கு அவன் எப்போதும் பையன்தான்) வயது முப்பத்திரண்டு ஆகிறது. ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் மனைவியுடனும், ஐந்து வயதுப் பெண் குழந்தையுடனும் குடியிருக்கிறான். அவனுடைய வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளி ஒரு நாள் இரவு திருடர்கள் கதவை உடைத்துக்கொண்டு புகுந்துவிட்டார்களாம். உயிருக்குச் சேதம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று முதல் அவன் மனைவி சரியாகத் தூங்குவதில்லை. அவனும் காற்றில் ஜன்னல் அசைந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான்.

"ஸார், வேலை விசாவில் வந்திருக்கும் என் போன்றவர்கள் சாதாரணத் துப்பாக்கி வைத்துக்கொள்ள இந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வேட்டை லைசென்ஸ் முதலிய சில விலக்குகள் உண்டு. அவை எனக்குப் பொருந்தா. ஆனால் பழைய மாதிரியில் செய்த கரிமருந்து ரிவால்வர் இருக்கிறதே, அதைச் சட்டம் துப்பாக்கி என்றே கணக்கில் கொள்ளவில்லையாம். புத்தகம் வரவழைப்பது போலத் தபாலில் வரவழைக்கலாம் என்கிறார்கள். பார்க்கவும் வெகு அழகாயிருக்கிறது. மேலும், வெள்ளைக்காரன் நம் ஜனங்களிடமிருந்து ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்ட கதையை நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்? ஆயுதம் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் தேசத்தில் இருந்துகொண்டு நான் ஏன் வெறுங்கையுடன் இருக்கவேண்டும்? தங்கள் அபிப்பிராயம் என்ன?"

நான் சரித்திர உபாத்தியாயர். என் ஆயுளில் துப்பாக்கி சுட்டவன் அல்லன். ஆயினும் கடைசி வரியில் என் பாடத்தையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டபடியால் வாளா இருக்க முடியவில்லை. கோடை விடுமுறையில் பதினைந்து நாட்களை இந்த ஆராய்ச்சியிலேயே கழித்தேன். பிள்ளைகளும் பெண்களும் கடல் கடந்து வசிக்கும் குடும்பங்கள் இன்று நம்மிடையே ஏராளம். ஆகையால் அவனுக்கு எழுதியதை இங்கும் விரித்துச் சொல்வது பிரயோஜனப்படும் என்று நினைக்கிறேன்.

கல்கத்தாக் கப்பலில் பிறந்த யோசனை

இந்த ரிவால்வரின் பூர்வோத்தரத்தில் நம் நாட்டிற்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1830-ம் ஆண்டில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'கார்வோ' என்னும் கப்பலில் கல்கத்தாவுக்குப் பிரயாணமானான். அவன் பெயர் சாமுவேல் கோல்ட். கப்பலைத் திருப்பும் சக்கரம் சுழன்று, வேண்டிய இடத்தில் பூட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, துப்பாக்கியின் அறைகளையும் அப்படியே சுழலச் செய்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியதாம். மரத்தில் ஒரு மாதிரியும் செதுக்கினானாம். பின்னாளில் கோல்ட் சொல்லிவந்த கதை இது. பாஸ்டன் நகரத்துக் காலியர் என்பவர் 1818-லேயே லண்டனில் பதிவு செய்திருந்த சுழல் துப்பாக்கியை அவன் வழியில் எங்கேனும் பார்த்திருக்கலாம் என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் 1836-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவில் கோல்ட் தம் ரிவால்வருக்கு உரிமை பெற்றார்.

முதல் தொழிற்சாலை 1842-ல் நொடித்துப் போயிற்று. 1847-ல் மெக்ஸிகோ யுத்தம் கைகொடுத்தது. வாக்கர் என்ற படைத் தலைவரின் யோசனைப்படி கோல்ட் செய்த ரிவால்வர் ஏறக்குறைய இரண்டு கிலோ எடை. இடுப்பில் செருக முடியாமல் குதிரைச் சேணத்தில் தொங்கவிட்டார்கள். பிறகு 1851-ல் வந்த 'நேவி', 1860-ல் வந்த 'ஆர்மி' என்னும் இரு மாதிரிகளும் லட்சக்கணக்கில் விற்றன. ரெமிங்டன் கம்பெனியார் மேலே இரும்புப் பட்டம் கொடுத்து இன்னும் உறுதியான ஒரு மாதிரியைக் கொண்டு வந்தார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் இரு தரப்பாரும் கையாண்டவை பெரும்பாலும் இவையே. அதற்குச் சற்று முன்னால், 1857-ல் நம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, எதிரே நின்ற ஆங்கில அதிகாரிகள் பலருடைய இடுப்பிலும் கோல்ட் ரிவால்வரோ, ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் செய்த ரிவால்வரோ தொங்கிற்று.

மருந்தின் கதையும் நம் தேசத்தைத் தொடுகிறது. கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலப்பு. அதில் வெடியுப்பே முக்கால் பங்கு. அந்நாளில் உலகத்திற்கு வெடியுப்பு கொடுத்த பெரும் களஞ்சியம் நமது பீஹார் மாகாணம். நூனியா என்ற ஏழைத் தொழிலாளிகள் ஊர் மண்ணைச் சுரண்டிக் கரைத்து, காய்ச்சி எடுத்த உப்பு அது. 1861-ம் ஆண்டு நவம்பர் மாதம் வடபகுதி அமெரிக்க சர்க்காருக்காக லாமோ டியூபோன் என்பவர் இங்கிலாந்துக்குச் சென்று, அங்கே குவிந்திருந்த இந்திய வெடியுப்பை வாங்கினார். அச்சமயம் இரு நாடுகளுக்கும் ஒரு கப்பல் விஷயமாகத் தகராறு மூண்டு, பிரிட்டிஷார் ஏற்றுமதியைத் தடுத்துவிட்டார்கள். தகராறு தீர்ந்து, அடுத்த ஜனவரியில்தான் உப்பு விடுபட்டது. பீஹார் மண்ணின் உப்பு யாருக்குப் போகலாம், யாருக்குப் போகக் கூடாது என்பதை லண்டன் மந்திரிகள் தீர்மானித்தார்கள். மண்ணைச் சுரண்டியவனை யாரும் கேட்கவில்லை.

சட்டம் ஏன் கண்ணை மூடிக்கொண்டது?

மருந்தும் குண்டும் கேப்பும் ஒன்றாகச் சேர்ந்த பித்தளைத் தோட்டா வந்த பிறகு, கோல்ட் கம்பெனியாரே 1873-ல் தோட்டா ரிவால்வருக்கு மாறிவிட்டார்கள். 1884-ல் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி வியேல் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்ததும் கரிமருந்தின் காலம் முடிந்தது. பழைய ரிவால்வர்கள் பரணுக்கும் பொருட்காட்சிசாலைக்கும் போயின. உள்நாட்டு யுத்தத்தின் நூறாவது ஆண்டு நெருங்கியபோது அமெரிக்கர்களுக்குப் பழம் பெருமையில் ஆசை பிறந்தது. இத்தாலியில் பிரேஷியா நகரத்தைச் சுற்றியுள்ள துப்பாக்கிப் பட்டறைகள் அசல் மாதிரியிலேயே புதிதாகச் செய்து அனுப்பத் தொடங்கின. இன்று விற்பனையாகும் 'பழந்துப்பாக்கி'களில் பெரும்பாலானவை இவைதாம். உருவந்தான் பழசு, இரும்பு புதுசு.

1968-ம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 1898-ம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்த துப்பாக்கிகள் பழம்பொருளாகக் கருதப்படும். தோட்டா போடாமல், கேப்பு வைத்துச் சுடும் புதுப் பிரதிகளுக்கும் அதே சலுகை உண்டு. பழைய யுத்தங்களை நடித்துப் பார்ப்பவர்களும், பழம்பொருள் சேர்ப்பவர்களும், குறி பார்த்துச் சுடும் பந்தயக்காரர்களும் தொந்தரவுக்கு ஆளாகக் கூடாது என்பதே சட்டம் செய்தவர்களின் எண்ணம். இக்காலத்தில் இதை ஓர் ஆயுதமாக யார் நம்பப் போகிறார்கள் என்பது அதன் உட்பொருள். எனினும் இது தேசம் முழுமைக்குமான கூட்டாட்சிச் சட்டத்தின் நிலை மட்டுமே. சில மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் இதையும் துப்பாக்கியாகவே பாவிக்கின்றன. ஒரு மாநிலத்தில் குற்றமில்லாதது எல்லை தாண்டினால் குற்றமாகலாம்.

இங்கே என் மாணாக்கனுடைய வாதத்தில் ஒரு முடிச்சு விழுகிறது. காரியத்துக்கு உதவாது என்று நினைத்துச் சட்டம் இதை விட்டுவிட்டது. சட்டம் விட்டுவிட்டதே என்பதற்காக இவன் இதைக் காரியத்துக்கு வாங்குகிறான். இருவரில் யார் கணக்கு சரி என்று பார்க்கவேண்டுமானால், துப்பாக்கியைக் கையில் எடுத்துக் கெட்டித்துப் பார்ப்பதுதான் வழி.

கெட்டிக்கும் விதம்

இந்த ரிவால்வரில் ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழல்கிறது. ஒவ்வோர் அறையையும் தனித்தனியே கெட்டிக்க வேண்டும். குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால் உருளை தாராளமாகச் சுற்றும். முதலில் அறையில் அளந்து மருந்து கொட்டவேண்டும். அதன்மேல், அறையின் வாயைவிட மயிரிழை பெரிதான ஈயக்குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்தவேண்டும். குண்டு சரியான அளவாயிருந்தால் ஈயத்தில் மெல்லிய வளையம் ஒன்று சீவப்பட்டு விழும். பிறகு குண்டின்மேல் கொழுப்பையோ மெழுகுக் கலவையையோ பூசவேண்டும். (கொழுப்பு தடவிய தோட்டாவினால் 1857-ல் நேர்ந்ததைப் படித்த பையன், தன் வீட்டிலேயே கொழுப்பு தடவ உட்காரப் போகிறான்!) கடைசியாக, உருளையின் பின்புறத்தில் அறைக்கொன்றாக நீட்டிக்கொண்டிருக்கும் காம்புகளில் சிறு செம்புக் கேப்புகளைப் பொருத்தவேண்டும். நம் குழந்தைகள் பொம்மைத் துப்பாக்கியில் வைக்கும் பொட்டுக் கேப்புக்கு மூதாதை அது. குதிரை அந்தக் கேப்பின்மேல் அடித்தால், பொறி காம்பின் துவாரம் வழியாக உள்ளே பாய்ந்து மருந்தைக் கொளுத்துகிறது.

விஷயம் தெரிந்தவர்கள் ஐந்து அறைகளை மட்டுமே கெட்டித்து, ஆறாவதைக் காலியாக விட்டுக் குதிரையை அதன்மேல் இறக்கி வைப்பார்கள். கை தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காமல் இருப்பதற்காக இந்த ஜாக்கிரதை. ஆக, கைவசம் ஐந்து குண்டுகள். அவை தீர்ந்தால் மறுபடியும் கெட்டிக்கப் பழகிய கைக்கே பல நிமிஷங்கள் பிடிக்கும். இதனால்தான் உள்நாட்டு யுத்தத்தில் மிஸௌரிப் பக்கத்துக் கொரில்லாக்காரர்கள் ஆளுக்கு மூன்று நான்கு ரிவால்வர்களைச் சுமந்து திரிந்தார்கள். ஒன்றைக் கெட்டிப்பதைவிட இன்னொன்றை உருவுவது சுலபம் அல்லவா?

ஐப்பசி மழையும் தீபாவளிப் பட்டாசும்

ஐப்பசி அடைமழையில் தீபாவளி வரும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? சற்று வெயில் தலைகாட்டியதும் பட்டாசுகளை முறத்தில் பரப்பி உலர்த்துகிறார்கள். அப்படியும் நாலில் ஒன்று 'புஸ்' என்று போய்விடுகிறது. அந்தப் பட்டாசின் குலத்தைச் சேர்ந்ததுதான் இந்த ரிவால்வரின் மருந்தும். ஈரம் காம்பின் துவாரத்தில் புகுந்தாலும், பூசிய எண்ணெய் கசிந்து மருந்தை நனைத்தாலும், குதிரை 'டக்' என்று அடிக்கும், வேறொன்றும் நடக்காது. மெழுகினால் நன்றாக அடைத்து உலர்ந்த இடத்தில் வைத்த ரிவால்வர் வெகுநாள் கழித்தும் சுட்டதுண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே மருந்து நன்றாயிருக்கிறதா, நமுத்துவிட்டதா என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். சுட்டுப் பார்த்துவிட்டாலோ, மறுபடி புதிதாகக் கெட்டிக்கவேண்டும்; அதுவும் நன்றாயிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேற்கு எல்லைப்புறத்தில் பெயர் பெற்ற துப்பாக்கி வீரரான 'வைல்ட் பில்' ஹிக்காக் என்பவர், காலைதோறும் தம் கோல்ட் ரிவால்வர்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாகக் கெட்டிப்பார் என்று சொல்வார்கள். பிழைப்பே துப்பாக்கியாயிருந்தவர் தினந்தோறும் சந்தேகப்பட்ட பொருளை, ஆபீஸுக்குப் போய்வரும் நம் பையன் வருஷக் கணக்கில் அலமாரியில் வைத்து நம்பவேண்டும்.

மற்றத் தொல்லைகளும் உண்டு. சுட்டபின் கேப்பு சிதறி, அதன் துணுக்கு குதிரைக்கு அடியில் சிக்கி உருளையை நிறுத்திவிடும். குண்டு சரியான அளவில் இல்லாவிட்டாலோ, கேப்புகள் இறுக்கமாகப் பொருந்தாவிட்டாலோ, ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குப் பரவி, குழலுக்கு நேராக இல்லாத அறைகளும் கூடவே வெடித்துவிடும். அப்படி வெடித்தால் சுடுகிறவனுடைய கைக்குத்தான் முதல் ஆபத்து. எரியும் கரிமருந்தில் பாதிக்குமேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே நின்றுவிடுகிறது. வெளியே வரும் வெண்புகையும், குழலுக்குள் படியும் கரியும் அதுதான். திறந்த வெளியில் கோயில் அதிர்வேட்டு போடும்போதே எவ்வளவு புகை எழுகிறது என்பதை நாம் அறிவோம். ஜன்னல் சாத்திய படுக்கையறையில், இருட்டில், ஒருமுறை சுட்டவன் இரண்டாம் முறை எதைப் பார்த்துச் சுடுவான்? உள்ளே படிந்த கரியோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னத் தொடங்கும். அன்றைக்கன்றே வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, எண்ணெய் பூசவேண்டும். சமையற் பாத்திரத்தைப்போல் தினமும் தேய்க்க விருப்பமுள்ளவர்களுக்கே இது ஏற்றது.

இரண்டில் ஒன்று

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் அது வெறும் பொம்மைதானே, வீட்டில் இருந்தால் என்ன மோசம்?" என்று யாரேனும் கேட்கக் கூடும். அது பொம்மை அன்று. உள்நாட்டு யுத்தத்தில் எத்தனையோ உயிர்களைக் குடித்தவை இந்த ஈயக்குண்டுகள்தாம். திருடன் வரும் இரவில் வெடிக்குமோ என்பது சந்தேகம். ஆனால் ஐந்து வயதுக் குழந்தை அலமாரியைத் திறக்கும் பகலில் வெடிக்காது என்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. காவலாக நம்ப முடியாத பொருள், ஆபத்தாக மட்டும் முழுமையாக நம்பத் தகுந்ததாய் இருக்கிறது.

புதிய மாதிரித் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களைக் கழற்றி ஓரிடத்திலும், துப்பாக்கியை வேறோர் இடத்திலும் பூட்டி வைக்கலாம்; வேண்டும்போது நொடியில் சேர்க்கலாம். இதில் அது நடவாது. ஒருமுறை அழுத்திய குண்டை வெளியே எடுக்கச் சுலபமான வழி சுட்டுவிடுவது ஒன்றுதான். இல்லையேல் காம்புகளைத் திருகிக் கழற்றி, பின்புறமிருந்து மருந்தையும் குண்டையும் தள்ளவேண்டும். கேப்புகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டால் போதாதா என்றால், பகலில் ஓரளவு போதும். ஆனால் நள்ளிரவில் கதவு உடைபடும் ஓசை கேட்டு எழுந்தவன், நடுங்கும் விரல்களால் உளுந்தளவு கேப்புகளை ஐந்து காம்புகளில் தடவித் தடவிப் பொருத்தவேண்டும். ரெமிங்டன் மாதிரியில் உருளையையே கழற்றி வேறாக வைக்கலாம். அப்போதும் இருட்டில் உருளையைத் தேட வேண்டியதுதான். ஆக, அவசரத்துக்கு உதவும்படி வைத்தால் குழந்தைக்கு ஆபத்து. குழந்தைக்கு ஆபத்தில்லாமல் வைத்தால் அவசரத்துக்கு உதவாது. இவற்றோடு, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் மருந்து டப்பாவையும் வீட்டில் எங்கேனும் வைத்துக் காக்கவேண்டும்.

அபிலீன் நகரத்து இரவு

துப்பாக்கி வெடித்தது, குறியும் தப்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி வருகிறது: எதிரே நிற்பவன் யார்?

மேலே சொன்ன ஹிக்காக் 1871-ல் கான்ஸஸ் மாநிலத்து அபிலீன் நகரத்தில் போலீஸ் தலைவராயிருந்தார். அவ்வருஷம் அக்டோபர் 5-ந் தேதி இரவு வீதியில் கலவரம். கோ என்ற சூதாட்டக்காரர் துப்பாக்கியை நீட்டினார். ஹிக்காக் அவரைச் சுட்டு வீழ்த்தினார். அதே கணத்தில் பக்கத்திலிருந்து இன்னொருவர் ஓடிவருவது கண்ணில் பட்டது. திரும்பினார், சுட்டார். விழுந்தவர் மைக் வில்லியம்ஸ். ஹிக்காக்கின் சொந்த நண்பர், அவருக்கு உதவி செய்ய ஓடிவந்தவர். அமெரிக்காவில் அவரைவிட விரைவாகவும் குறி தவறாமலும் சுடுபவர்கள் இல்லை என்று பெயரெடுத்த மனிதருக்கு நேர்ந்தது இது. ஒரு வினாடியின் நாலில் ஒரு பங்கில் நண்பனையும் பகைவனையும் பிரித்தறிய அவருடைய சாமர்த்தியம் உதவவில்லை. இரண்டு மாதத்தில் நகரசபையார் அவரை வேலையிலிருந்து விலக்கினார்கள். ஐந்து வருஷங்கள் கழித்து, 1876 ஆகஸ்டு 2-ந் தேதி, டெட்வுட் என்ற ஊரில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான்.

இது எல்லைப்புறத்துப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1993-ல் டாக்டர் ஆர்தர் கெல்லர்மனும் அவரது கூட்டாளிகளும் அமெரிக்காவின் மூன்று ஜில்லாக்களில் வீட்டுக்குள் நடந்த கொலைகளை ஆராய்ந்து ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். துப்பாக்கி உள்ள வீட்டில் அப்படிப்பட்ட கொலை நேரும் அபாயம், இல்லாத வீட்டைவிட 2.7 மடங்கு என்று கண்டார்கள். கொலையுண்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்குமேல், உறவினராலோ தெரிந்தவராலோ மாண்டவர்கள். ஆபத்து முன்பே இருந்த வீடுகளில்தான் துப்பாக்கி வாங்கியிருப்பார்கள் என்று இம்முடிவை ஆட்சேபித்தவர்களும் உண்டு. அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்துவரும் மனைவியின் நிழலும், அப்பாவைத் தேடி வரும் குழந்தையின் காலடியும் இருட்டில் எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

உரிமை வேறு, உபயோகம் வேறு

இனி, என் பாடத்தைக் கொண்டு என்னையே மடக்கிய வாதத்துக்கு வருகிறேன். லிட்டன் பிரபு 1878-ல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் நம்மை அவமதித்தது உண்மை. இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் குற்றம், ஐரோப்பியனுக்கோ விலக்கு. மண்ணைச் சுரண்டி உலகத்துக்கு வெடியுப்பு கொடுத்த தேசத்தில், அந்த உப்பில் செய்த மருந்தைத் தொடத் தேசத்தவனுக்கு உரிமையில்லை என்ற நிலைமை. காங்கிரஸ் மகாசபை அதை இடைவிடாமல் எதிர்த்தது. 1931-ல் கராச்சியில் நிறைவேறிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாக இடம்பெற்றது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சுதந்திரம் வந்தபின், 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ காமத் அவர்கள் அந்த உரிமையை அரசியல் சட்டத்திலும் சேர்க்கவேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் எதிர்த்தார்; திருத்தம் தோற்றது. அடிமைப்பட்டிருந்தபோது ஆயுத உரிமையைக் கேட்ட அதே ஜனங்கள், சொந்த சர்க்கார் அமைந்தபிறகு அதை அடிப்படை உரிமையாக வைக்க வேண்டியதில்லை என்று தீர்மானித்தார்கள். தற்காப்பு உரிமை நமது குற்றச் சட்டத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆயுதத்துக்கோ 1959-ம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அச்சட்டத்தில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான். சுடக்கூடியது எந்தக் காலத்து மாதிரியாயிருந்தாலும் நம் நாட்டில் அது துப்பாக்கியே. என் சிற்றறிவுக்கு இது அமெரிக்கச் சட்டத்தைவிடத் தெளிவாகப் படுகிறது. குண்டுக்குத் தான் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரியாதல்லவா?

அமெரிக்காவிலோ 2008-ல் உச்ச நீதிமன்றம் வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது பிரஜையின் உரிமை என்று தீர்ப்பளித்திருக்கிறது. அது அந்நாட்டாரின் சரித்திரத்திலிருந்து எழுந்தது. அதைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நான் மாணாக்கனுக்குச் சொன்னது இவ்வளவே: நம் முன்னோர்கள் கேட்டது சமத்துவம். ஒருவன் வைத்துக்கொள்ளலாம், மற்றவன் கூடாது என்ற பேதத்தைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள். ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் கெட்டித்த ரிவால்வர் இருந்தாக வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. உரிமை இருக்கிறது என்பதற்காக ஒன்றைச் செய்வது வேறு. அதனால் வீட்டிலுள்ளவர்களுக்கு நன்மை உண்டா என்று பார்த்துச் செய்வது வேறு.

நான் எழுதிய பதில்

அவன் பயத்தை நான் பரிகாசம் செய்யவில்லை. அந்நிய தேசத்தில், உறவினர் இல்லாத ஊரில், பெண்டாட்டியும் குழந்தையும் உறங்கும் வீட்டுக்குக் காவலாக விழித்திருப்பவனுடைய கவலை லேசானதல்ல. ஆகவே, கைவிரித்துவிடாமல், எனக்குத் தெரிந்ததை எழுதினேன். கதவுக்கு உறுதியான தாழ்ப்பாள் போடு. நிலையில் அடித்திருக்கும் திருகாணிகள் நீளமானவையா என்று பார். வாசலிலும் கொல்லையிலும் ஆள் நடமாடினால் தானே எரியும் விளக்கு வை. சத்தம் கேட்டால் இன்ன அறைக்குள் எல்லோரும் போய்த் தாழிட்டுக்கொண்டு, 911-க்கு டெலிபோன் செய்வது என்று மனைவியோடு பேசி வைத்துக்கொள். குழந்தைக்கும் அதை விளையாட்டுப்போல் பழக்கு. எல்லாவற்றிற்கும் மேலாக, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களையும் போய்ப் பார். நம் ஊர்த் தெருவில் இராக் காலத்தில் நாய் குரைத்தால் நாலு திண்ணையிலிருந்து "யார் அது?" என்று குரல் எழும்புமே, அதற்கு ஈடான காவல் எந்தப் பட்டறையிலும் செய்யப்படவில்லை.

ரிவால்வரின் அழகில் மனம் சென்றுவிட்டதென்றால், உன் மாநிலச் சட்டத்தை முதலில் ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள். பிறகும் வேண்டுமென்றால், மருந்தும் கேப்பும் வாங்காமல், காம்புகளைக் கழற்றிவிட்டு, வெறும் பழம்பொருளாகச் சுவரில் மாட்டு. அதைக் காவல் என்று மட்டும் எண்ணாதே. இவ்வாறு முடித்தேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. "ஸார், தங்கள் கடிதத்தை என் மனைவிதான் முதலில் படித்தாள். 'குழந்தைக்கு ஆபத்து' என்ற வரிக்கு மேல் அவள் படிக்கவில்லை. ரிவால்வருக்கென்று வைத்திருந்த பணத்தில் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாளும், வாசலில் விளக்கும் போட்டாயிற்று. திருட்டுப்போன வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தோம். இரண்டு வருஷமாய் ஒரே தெருவில் இருக்கிறோம். அன்றுதான் அவர் பெயரைத் தெரிந்துகொண்டேன். எழுபது வயதுக் கிழவர், தனியாக இருக்கிறார். எங்களைவிட அவர் அதிகம் பயந்துபோயிருக்கிறார். இப்போது இரவு படுக்கப் போகுமுன் ஒருவருக்கொருவர் டெலிபோனில் சொல்லிக்கொள்கிறோம்."

அவன் மனைவி தூங்குகிறாளா என்று கேட்டு எழுதியிருந்தேன். "முன்னைவிடத் தேவலை" என்று ஒரு வரி வந்தது.